கண்ணை மூடிக்கொண்டு ஒரு பதில்

குருவைவிடச் சிஷ்யைக்குப் பன்னிரண்டு வயது அதிகம். குரு நிலோஃபர், வேளச்சேரியில் மருந்துக்கடை மாடியில் இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுப்பவள். சிஷ்யை சுகந்தி, பிள்ளை வளர்ப்பதற்காக விட்ட சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலைக்கு, எட்டு வருஷம் கழித்துத் திரும்ப முட்டி மோதுகிறவள்.

அன்று சுகந்தி செருப்பை உதறிய வேகத்திலேயே நிலோஃபருக்குப் புரிந்துவிட்டது.

"என்னாச்சு அக்கா?"

"கண்ணை மூடச் சொன்னான் டீச்சர்!"

போன வாரம், வீட்டிலிருந்தே லேப்டாப்பில் இன்டர்வியூ. கேட்டவனுக்கு முப்பதுகூட இருக்காது. கேமராவைத் திருப்பி அறை முழுக்கக் காட்டச் சொன்னான். மேஜைக்கு அடியில் காட்டச் சொன்னான். கொடியில் தொங்கிய மாமனார் வேட்டி வரைக்கும் பார்த்துத் திருப்தியான பிறகு கேள்வியைப் போட்டான். ஒரே நேரத்தில் லட்சம் பேர் டிக்கெட் எடுக்க வந்தால், சர்வர் படுத்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?

அவள் வாயைத் திறப்பதற்குள், "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க மேடம். நிறைய பேர் ஸ்கிரீனைப் பார்த்து வாசிக்கறாங்க" என்றான்.

மூடினாள். பழைய கம்பெனியில் தீபாவளி முன்பதிவின்போது அவளே கட்டிக் காப்பாற்றிய சர்வர் கதை அது. ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணைத் திறந்தால் ஸ்கிரீனில் காலி நாற்காலி. காபிக் கோப்பையோடு சாவகாசமாக வந்து உட்கார்ந்தவன், "ஓகே, நெக்ஸ்ட்" என்றான்.

இன்று காலை மெயில். பேச்சுத்திறன் போதவில்லையாம்.

"நாற்காலிக்கு என் பேச்சு பிடிக்கலையாக்கும்!" என்று வெடித்தாள் சுகந்தி.

"சரி. இப்ப என்ன?"

"நாளைக்கு வேற கம்பெனி. அங்கேயும் மூடச் சொல்வாங்களாம். மூடறதா, முடியாதுங்கறதா? இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா என்னை யாரும் கூப்பிடக்கூட மாட்டாங்க டீச்சர்."

நிலோஃபர் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பதிலை எனக்குச் சொல்லுங்க."

"நீங்களுமா?"

"சொல்லுங்க."

சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் மூடினாள், சொன்னாள். முடித்துவிட்டுத் திறந்தபோது நிலோஃபர் எதிரேயே இருந்தாள். அவள் கண்களும் மூடியிருந்தன.

"டிக்கெட் எடுக்க வந்தவங்களை வரிசையில நிறுத்தினீங்க, சரி. பணம் கட்டின நிமிஷம் லைன் அறுந்து போனவங்களை என்ன பண்ணினீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

இதுவரை எந்த இன்டர்வியூவிலும் யாரும் கேட்காத கேள்வி. சுகந்தி மூச்சுவிடாமல் பதில் சொன்னாள். பிறகுதான் நினைவு வந்து கேட்டாள்.

"நீங்க எதுக்கு டீச்சர் கண்ணை மூடினீங்க?"

"பதிலைக் காதாலதானே கேக்கணும்?"

"அதுக்காக நாளைக்கு வர்றவன்கிட்ட 'நீங்களும் மூடுங்க'ன்னு சொல்ல முடியுமா? வேலை போயிடாதா?"

"போன வாரம் மூடினீங்களே அக்கா, கொடுத்தானா?"