கண்குழியில் ஓர் ஓட்டை

மதுரையில் ஒரு பட்டறை. நோயாளிகளின் ஸ்கேனைப் பார்த்து, அவர்கள் எலும்பை அதே அளவில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கொடுக்கும் இடம். அங்கே குரு நஸீமாவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் இருதயராஜுக்கு ஐம்பது. பல் செட்டுக்குச் சாந்து குழைத்தே பழகிய கை. மவுஸ் அதை ஆறு மாதமாகப் பாடாய்ப் படுத்தியது.

ஸ்கேன் முகத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாக அடுக்கித் தரும். கட்டத்துக்கு ஓர் எண். எலும்பென்றால் பெரிது, சதையென்றால் சிறிது. எந்த எண்ணிலிருந்து எலும்பு என்று சொல்கிறோமோ, அங்கே கணினி மேற்பரப்பை வரைந்துவிடும்.

வேன் மோதிக் கன்னம் நொறுங்கிய செல்லக்கிளிக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். இந்த அச்சைப் பார்த்துத்தான் உடைந்த எலும்பில் பொருத்தும் தகடு வெட்டுவார்கள். இல்லாத ஓட்டைக்கும் சேர்த்து வெட்டினால் தகடு கண்ணில் போய் முட்டும்.

“முந்நூறு வெச்சா தாடை வீங்குது. நானூறு வெச்சா கண்குழியில ஓட்டை விழுது. அடிபடாத கண்ணுக்குக் கீழயும் ஓட்டை. சரியான எண்ணைச் சொல்லித் தொலைங்க மேடம்.”

“காலையிலேருந்து ஆறாவது தடவை கேக்குறீங்கண்ணே.”

“ஆறு தடவையும் நீங்க சொல்லல.”

நஸீமா டிபன் பாக்ஸை ஒதுக்கி வைத்தாள். அச்சு இயந்திரத்தின் சூடான தட்டை எடுக்கும் தடித்த கையுறையை நீட்டினாள்.

“மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடுங்க.”

“விளையாட இதுவா நேரம்?”

“மூடுங்கண்ணே.”

மூடினார். அவள் அவர் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள்.

“என்ன இருக்கு?”

“நோட்டு.”

“அதுமேல?”

அவர் இரண்டு முறை தடவினார். “ஒண்ணுமில்ல.”

கண்ணைத் திறந்தார். நோட்டின்மேல் வெங்காயச் சருகு ஒன்று கிடந்தது.

“இவ்வளவு தடிச்ச உறையில இது எப்படித் தெரியும்? நல்லாருக்கே உங்க பரீட்சை.”

நஸீமா திரையில் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினாள். கண்ணுக்குக் கீழே, சருகுபோல எலும்பு. கட்டம் அதைவிடத் தடிமன்.

இருதயராஜ் கையுறையைக் கழற்றினார். கோபம் மட்டும் கழலவில்லை.

“அப்ப கட்டத்துல மிச்ச இடமெல்லாம் சதை. ரெண்டும் கலந்துதான் எண் இறங்குதா? அப்ப இடத்துக்கு இடம் வேற எண் வெக்கணுமா? முகம் முழுக்க?”

“ம்.”

“வியாழனுக்குள்ள?”

“ம்.”

“ஒரே எண் போதும்னு முதல் நாள் நீங்கதானே சொன்னீங்க? என் நோட்டுல தேதியோட இருக்கு.”

“அன்னைக்கு உங்க முன்னால இருந்தது தொடை எலும்புண்ணே.”