அணைக்குக் காய்ச்சல் அடிச்ச கதை

காலை நீட்டிப் படு. போர்வையை அப்படி உருவாதே, எனக்கும் கொஞ்சம் விடு. நடுநடுவுல "ம்" போடணும், கேட்டியா? நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். சித்திரையில பாத்தா பரம சாது. கணுக்கால் நனையாம தாண்டிப் போயிடலாம். ஆனா ஐப்பசி பொறந்துச்சுன்னா போதும், மலையிலருந்து 'ஹோ'ன்னு இறங்கி வரும். கரையோரமா பள்ளத் தெருன்னு ஒரு தெரு. ஆறு முதல்ல நுழையறது அங்கதான். வருஷா வருஷம் அந்தத் தெரு சனங்க சட்டிபானை, கோழி, குழந்தை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மேட்டு மேல ஏறுவாங்க. தண்ணி வடிஞ்சப்புறம் இறங்கி வந்து சேத்தை வழிச்சுப் போட்டுட்டு, மறுபடி அடுப்பு மூட்டுவாங்க.

அந்தத் தெருவுல சடச்சின்னு ஒரு கிழவி. கால் ரெண்டும் விளங்காது, வாய் மட்டும் நல்லா விளங்கும். அவளை மருமக ஒச்சம்மாதான் முதுகுல சுமந்துக்கிட்டு மேடு ஏறுவா. கிழவி சும்மா வருவாளா? "மெல்லப் போடி, குலுக்காத போடி"ன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வருவா. ம்?

"ம்."

அப்போ அந்த ஊருக்கு மேல, ரெண்டு மலை நெருங்கி நிக்கிற இடத்துல, பெரிய அணை ஒண்ணு கட்ட ஆரம்பிச்சாங்க. பெரிசுன்னா எவ்வளவு பெரிசு? நம்ம தெருவுல இருக்கிற வீடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாக்கூட அதோட இடுப்புக்குத்தான் வரும். கனம் எவ்வளவு? அடியில ஒரு தெருவையே குறுக்க படுக்க வைக்கலாம். அத்தனையும் காங்கிரீட்டு.

அணை கட்ட வந்த இஞ்சினியருங்கள்ல ஒருத்தி செண்பகவல்லி. வேகமான பொண்ணு. நடந்தா மத்தவங்க ஓடணும். ஒச்சம்மா அங்கதான் கலவை சட்டி தூக்குற வேலை பாத்தா. ஒரு நாள் ஒச்சம்மா அவ கிட்ட வந்து, "இஞ்சினியரம்மா, எங்க மாமியா உடம்பு முன்ன மாதிரி இல்ல. அடுத்த ஐப்பசியும் அவங்களைச் சுமந்துக்கிட்டுத்தான் ஏறணுமா?"ன்னு கேட்டா.

செண்பகவல்லி யோசிக்கவே இல்ல. "வேணாம்க்கா. அதுக்குள்ள முடிச்சிடுவேன்"னு சொல்லிட்டா. வாக்கு குடுத்தாச்சு. அது தெரு முழுக்கப் பரவி, கிழவி காதுக்கும் போயிடுச்சு.

அப்புறம் என்ன, ராப்பகலா வேலை. கலவை மிஷின் 'கடகட கடகட'ன்னு சுத்துது. கிரேன் 'கிர்ர்ர்'னு தொட்டியைத் தூக்கிட்டுப் போய் 'தொபுக்கடீர்'னு கொட்டுது. அடியில போட்டது சரியா இறுகுறதுக்குள்ள மேல அடுத்தது. ஊரே வந்து வேடிக்கை பாத்துட்டு, "அடேயப்பா, என்னமா வளருது"ன்னு சொல்லிட்டுப் போச்சு. செண்பகவல்லிக்குத் தலைகால் புரியல, அவ்வளவு பெருமை.

ஒரு நாள் காலையில வந்து பாக்கறா. அணையை மொத்தமா இல்ல, பிளாக்கு பிளாக்காத்தான் கட்டுவாங்க. அவ கட்டின பெரிய பிளாக்குல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு. தலைமுடி கனம்தான். கையை வச்சுப் பாத்தா விரிசல்.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

சிமெண்ட்டு விரிசல் விட்டா நம்ம ஊர்ல என்ன பண்ணுவாங்க? தண்ணி காட்டுவாங்க. புதுசா சுவர் எழுப்பின வீட்டுல பாத்திருப்பியே, காலையும் மாலையும் ஓஸ் பைப்பு பிடிச்சு நனைப்பாங்க, ஈரச் சாக்கு போத்தி வைப்பாங்க. அதையே இங்கயும் செஞ்சாங்க. அத்தனை பேரும் குடம் குடமா தண்ணி ஊத்தினாங்க. 'சளக் சளக்'னு நனைச்சு, அணைக்கே ஈரச் சாக்கு போத்தி விட்டாங்க. மறுநாள் எடுத்துப் பாத்தா, ஒரு கோடு மூணு கோடு ஆயிடுச்சு.

அப்புறம் வெயில்தான் காரணம்னு ஒருத்தர் சொன்னார். சரின்னு அணைக்குப் பந்தல் போட்டாங்க. ஆமா, கல்யாணத்துக்குப் போடுவாங்களே, அந்த ஓலைப் பந்தல்தான். வாழை மரம் மட்டும்தான் கட்டல. நிழல் என்னவோ குளுகுளுன்னுதான் இருந்துச்சு. வேலை செய்யறவங்க அடியில படுத்து நல்லாத் தூங்கினாங்க. விரிசல் தூங்கல. அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு.

அப்போ செண்பகவல்லி ஒரு காரியம் செஞ்சா. 'டிர்ர்ர்'னு நடுவுல ஆழமா ஒரு துளை போட்டு, நீளக் கம்பி ஒண்ணை உள்ள விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு உருவினா. நுனியைத் தொட்டவ 'ஸ்ஸ்ஸ்'னு கையை உதறினா. வெளியில ஜில்லுனு இருக்கிற அணை, வயித்துக்குள்ள கொதிக்குது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்? 'கொத கொத'ன்னு சூடாகும்ல? சிமெண்ட்டும் அப்படித்தான். தண்ணி பட்டா உள்ள சூடு கிளம்பும். வீட்டுச் சுவர் மெல்லிசு, அந்தச் சூடு வந்த தடம் தெரியாம போயிடும். இவ்வளவு கனமான அணையில மாட்டிக்கிட்ட சூடு வெளிய வர நூறு வருஷம்கூட ஆகும். காய்ச்சல், கண்ணு. அணைக்கு உள்காய்ச்சல். உள்ள கொதிக்கிறப்போ இவங்க வெளியில பச்சத்தண்ணி ஊத்தியிருக்காங்க. சூடான கண்ணாடி டம்ளர்ல பச்சத்தண்ணி பட்டா 'டப்'புனு விடுமே, அதேதான். நல்லதுன்னு நெனச்சுத்தான் ஊத்தினாங்க, பாவம்.

"அப்புறம்?"

அப்புறம் பக்கத்து பிளாக்குக்கு வேற வைத்தியம். கலவைக்குத் தண்ணிக்குப் பதிலா ஐஸை நொறுக்கிப் போட்டுப் பாத்தாங்க. ஐஸுக்கு எங்க போறது? மீன் மார்க்கெட்டுலருந்து லாரி லாரியா வந்துச்சு. அணை முழுக்க மீன் வாடை. சுத்துப்பட்டு ஊர்ப் பூனையெல்லாம் வந்து 'மியாவ் மியாவ்'னு உக்காந்துடுச்சு. சிரிக்காதே, தூக்கம் போயிடும். ஐஸால கொஞ்சம் கேட்டுச்சு. ஆனா முழுசாக் கேக்கல. அந்த பிளாக்கோட ஒரு மூலையிலயும் சின்னதா ஒரு கோடு விழுந்துச்சு.

செண்பகவல்லிக்குச் சோறு இறங்கல. மெஸ்ஸுல இலை முன்னாடி உக்காந்திருந்தா. ஆவி பறக்கச் சோத்தைக் குமிச்சுட்டுப் போனாங்க. குழம்பு வேணாம்னுட்டா. மோர் மட்டும் போதும்னு, வழக்கமாப் பறிக்கிற மாதிரி சோத்து நடுவுல ஒரு குழி பறிச்சா. மோர் ஊத்தினாங்க. இவ எங்கயோ பாத்துக்கிட்டு விரலால குழியை நோண்டிக்கிட்டே இருந்ததுல, அந்தப் பக்கம் கரை உடைஞ்சு மோர் இலையில ஓடிடுச்சு.

வழிச்சு வாயில வச்சா. சுடுது. ஊத்தினப்போ ஜில்லுனு இருந்த மோர் இப்போ சுடுது. சட்டுனு குழிக்குள்ள விரலை விட்டுப் பாத்தா. மோர் ஓடின வழியெல்லாம் சோறு ஆறிக் கிடக்கு.

எச்சிக் கையோட எழுந்து நின்னுட்டா. மோர் சோத்துக்கு மேல ஓடலையே, சோத்துக்கு உள்ள ஓடி, சூட்டை வாங்கிக்கிட்டு வெளிய வந்திருக்கு. அணைக்குள்ளயும் தண்ணியை அப்படி ஓட விட்டா?

பெரிய இஞ்சினியர் ஆராவமுதன் கிட்ட ஓடினா. காங்கிரீட்டு போடும்போதே உள்ள மெல்லிசு பைப்பை ஜாங்கிரி மாதிரி வளைச்சு வளைச்சுப் போடுவோம், ஆத்துத் தண்ணியை அதுல ஓட விடுவோம்னா. அவர் நல்லா கேட்டுக்கிட்டார், நல்ல யோசனைன்னும் சொன்னார். ஆனா அது இனிமே போடற பிளாக்குக்குத்தானே? ஏற்கெனவே விரிஞ்சு கிடக்கறதை என்ன பண்றது? அதை இடிச்சா ஐப்பசிக்குள்ள அணை வராது. அவருக்கு மேலேருந்து நெருக்குறாங்க. அந்த விரிசலை மட்டும் பூசிடலாமே, வெளிய தெரியாதேன்னார்.

"பாக்கிறவங்களுக்குத் தெரியாது சார். தண்ணிக்குத் தெரியும்"னா செண்பகவல்லி.

அவர் எழுந்து சன்னல் வழியா அந்த பிளாக்கைப் பாத்தார். அப்புறம், "இடி. ஆனா அந்தத் தெருவுக்கு நீயே போய்ச் சொல்லிடு"ன்னார்.

இடிக்கிறதுகூட அவளுக்குக் கஷ்டமாத் தெரியல. 'டமார் டமார்'னு அவ கட்டினது அவ கண்ணு முன்னாடியே விழுந்துச்சு, பாத்துக்கிட்டு நின்னா. பள்ளத் தெருவுக்குப் போறதுதான் கஷ்டமா இருந்துச்சு. போனா. ஒச்சம்மா வாசல்ல நின்னு, "அக்கா, இந்த ஐப்பசிக்கு அணை வராது. அவசரப்பட்டு நான்தான் கெடுத்தேன்"னு சொன்னா. அதைக் கேட்டதும் ஒச்சம்மா முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. உள்ளேருந்து கிழவி சத்தம்தான் வந்துச்சு. "நான் அப்பவே சொன்னேன்ல, நம்பாதன்னு?" ம்?

"...ம்."

ஐப்பசி வந்துச்சு. மழை 'சோ'ன்னு ஊத்துச்சு. ஆறு வந்துச்சு. ஒச்சம்மா குனிஞ்சு கிழவியைத் தூக்கப் போறா, வாசல்ல செண்பகவல்லி முழுசா நனைஞ்சுபோய் நிக்கிறா. அவ முதுகைக் காட்டிக் குனிஞ்சா. கிழவி முறைச்சுப் பாத்துட்டு ஏறிக்கிட்டா. மேடெல்லாம் ஒரே சேறு, ஒரு அடி வச்சா ரெண்டு அடி சறுக்குது. வேகமா நடக்கிற பொண்ணு அன்னிக்குத்தான் மெல்ல நடந்தா. கிழவி வழியெல்லாம் திட்டினா. மருமகளைத் திட்டினதைவிட ஜாஸ்தியாவே திட்டினா. செண்பகவல்லி எல்லாத்துக்கும் "சரி ஆத்தா, சரி ஆத்தா"ன்னுக்கிட்டே ஏறினா. அன்னிக்கு அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. மழையில யாருக்கும் தெரியல.

அப்புறம் மழை விட்டு, மறுபடி வேலை. இப்போ அவசரமே இல்ல. கொஞ்சமாப் போடுவாங்க. பைப்பை வளைச்சு வைப்பாங்க. ஆத்துத் தண்ணி ஒரு பக்கம் ஜில்லுனு 'சலசல'ன்னு உள்ள போகும், இன்னொரு பக்கம் ஆவி பறக்க வெளிய வரும். வேலை முடிச்ச பொம்பளைங்கல்லாம் அந்த வெந்நீருலதான் மேலுக்கு ஊத்திக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. அணைக்குக் காய்ச்சல் இறங்குச்சு, இவங்களுக்கு உடம்பு வலி இறங்குச்சு. வர்ற தண்ணி ஜில்லுனு ஆனப்புறம்தான் மேல அடுத்ததைப் போடுவாங்க. கடைசியில அந்தப் பைப்புக்குள்ளயும் சிமெண்ட்டுப் பாலை ஊத்தி அடைச்சுட்டாங்க. அடுத்த ஐப்பசிக்கு அணை நின்னுச்சு. செண்பகவல்லி ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு பிளாக்கையும் கையால தடவித் தடவிப் பாத்தா. ஒரு கோடு இல்ல.

மழை வந்துச்சு. ஆறு 'ஹோ'ன்னு வந்து அணையில முட்டி நின்னுச்சு. தண்ணி ஏறிக்கிட்டே போகுது. கீழ, பள்ளத் தெருவுல யாருக்கும் நம்பிக்கை இல்ல. ஆளாளுக்கு மூட்டை கட்டி வாசல்ல வச்சுக்கிட்டு மலையையே பாத்துக்கிட்டிருக்காங்க. போன தடவையும் இந்தப் பொண்ணு சொல்லித்தானே ஏமாந்தோம்?

செண்பகவல்லி வந்து, இந்த வருஷம் ஏற வேணாம், தைரியமாப் படுங்கன்னு வீடு வீடாச் சொன்னா. ஒருத்தரும் மூட்டையைப் பிரிக்கல. அப்போ சடச்சிக் கிழவி கூப்பிட்டா.

"ஏத்தா, இங்க வா. நீ எங்க படுப்ப?"

"மேல, குவார்ட்டர்ஸ்ல ஆத்தா."

"அது மேட்டுல இருக்கு. அங்க படுத்துக்கிட்டு எங்களை இங்க படுக்கச் சொல்ற. உன் சுவரு மேல உனக்கு நம்பிக்கை இருந்தா, இந்தா, எம் பக்கத்துல படு."

தெருவே பாக்குது. செண்பகவல்லி ஒரு நிமிஷம் மலைப் பக்கம் பாத்தா. அந்தச் சுவருக்குப் பின்னாடி ஒரு ஆறே நிக்குது. அடிச்சுக்கிட்டு வந்தா முதல்ல இந்தக் குடிசைதான். அவளுக்குப் பயமா இருந்துச்சா? இருந்துச்சு. அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனா. ஒச்சம்மா பாய் விரிச்சா. கிழவி பக்கத்துல படுத்தா.

கிழவி தூங்கல. ஒரு கையைத் தலைக்கு வச்சுக்கிட்டு இந்தப் பொண்ணு மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. இவ சும்மா கண்ணை மூடிக்கிட்டு நடிக்கிறாளா, நெசமாவே தூங்குறாளா? வெளியில மழை 'சோ'. மலை மேல ஆறு 'ஹோ'. கொஞ்ச நேரம் போச்சு. ரெண்டு வருஷமா ஒழுங்காத் தூங்காத பொண்ணுதானே, கை காலெல்லாம் தளர்ந்து, வாயைத் திறந்துக்கிட்டு, 'கொர்ர்ர்... கொர்ர்ர்...'

கிழவி மெல்ல மருமகளைக் கூப்பிட்டா. "அடியே ஒச்சம்மா, குறட்டை விடுறாடி. வாசல்ல இருக்கிற மூட்டையைப் பிரிச்சு உள்ள வை."

ஒச்சம்மா பிரிச்சா. அதைப் பாத்து பக்கத்து வீட்டுலயும் பிரிச்சாங்க. எதுத்த வீட்டுலயும் பிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொரு விளக்கா அணைஞ்சுது. ஐப்பசி மழையில அந்தத் தெரு தூங்கினது அன்னிக்குத்தான்.

ம்? ஏய், "ம்" எங்க?

சரி சரி. தெருவும் தூங்கிடுச்சு, கிழவியும் தூங்கிட்டா, நீயும் தூங்கிட்ட. கதையும் படுத்துக்கட்டும்.