மச்சான் வைத்த கண்

மில் முதலாளி சென்னியப்பனுக்கு மச்சான் நாச்சிமுத்துவின் பழைய காரைப் பார்த்தாலே வயிறு எரியும். அதில் ஒரு ஹாரன் இருந்தால், தன் பழைய காரில் இரண்டு வைப்பார். அதில் ஒரு விரல் கனத்துக்குக் கம்பளம் என்றால், இதில் இரண்டு விரல் கனத்துக்கு விரிப்பார்.

ஆனால் மேட்டில் மச்சான் கார் சீறிக்கொண்டு முந்தியது. இவர் எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் பாதி வேகத்துக்கு மேல் சுற்றவில்லை. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவினார், பிளக்குகளை மாற்றினார். பலனில்லை.

“மச்சான் கண்ணு வெச்சுட்டான்!” என்று ஸ்டியரிங்கைக் குத்தினார் முதலாளி. “வண்டியைச் சரியா வெச்சுக்காத டிரைவர் காளியண்ணனும் நாளையிலிருந்து வர வேண்டாம்.”

கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கார் துடைத்துக்கொண்டிருந்தாள் காளியண்ணன் மனைவி அங்காத்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன் கதவருகே வந்தாள்.

“கண்ணு எங்கே இருக்குன்னு காட்டட்டுங்களா, ஐயா?”

“மெக்கானிக்குக்கே தெரியலை, தொடைக்கிறவ காட்டுவியா? சரி, பானெட்டை மட்டும் தொடக்கூடாது!”

“அதெதுக்குங்க? ஐயா காலைத் தூக்குங்க, போதும்.”

கம்பளத்தை உருவினாள். அதில் ஆக்சிலரேட்டர் பெடல் அழுந்திய குழி பளிச்சென்று தெரிந்தது.

“பெடல் கீழே வரைக்கும் போனாத்தானுங்க எஞ்சின் முழுசாச் சுத்தும். இது பாதியிலேயே தடுக்குது. உங்க மச்சான் கம்பளத்து மேலே கண்ணு வெச்சது ஐயாதானுங்க.”

முதலாளி மிதித்தார். எஞ்சின் அலறிய அலறலில் குழந்தை வீறிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காளியண்ணா!” என்று கூப்பிட்டார். “இந்தக் கம்பளத்தை மச்சான் கார்லே நீயே விரிச்சுட்டு வா. நான் ஆசையாக் குடுத்தேன்னு சொல்லு.”