பாதியில் மடிந்த இழை

கண்ணுக்கே தெரியாத கிருமிகளின் உடம்புக்குள்ளும் பேச்சுச் சத்தம் கேட்ட அந்தக் காலத்தில், குளத்துச் சேற்றில் ஒரு பாக்டீரியா இருந்தது. அதற்குள் வடிவாள் என்று ஒருத்தி. டி.என்.ஏ என்னும் மரபுச் சுவடியைப் படித்து, எழுத்துக்கு எழுத்து ஆர்.என்.ஏ இழை நூற்பது அவள் வேலை. ஒவ்வொரு இழையும் அவளுக்கு மகள். முழுதாக வளர்ந்த மகள் போய்ச் சொன்னால்தான் உயிர்ச்சத்து சமைக்கும் கருவிகள் உருவாகும்.

சுவடியில் கை வைத்துவிட்டால் கடைசி எழுத்து வரை வடிவாளால் நிறுத்த முடியாது. பிறவியே அப்படி.

ஒரு மழையில் குளத்துக்குள் அந்த உயிர்ச்சத்து வெள்ளமாய் வந்து சேர்ந்தது. இனிச் சமைக்கத் தேவையே இல்லை. அவளோ தலை நிமிராமல் நூற்றுக்கொண்டிருந்தாள். இருந்த தெம்பெல்லாம் அதற்கே போனது. பாக்டீரியாவின் சுவரைச் செப்பனிட ஒன்றும் மிஞ்சவில்லை. சுவர் மெலிந்து, நீர் கசிந்தது.

பாதி வளர்ந்திருந்த மகள் குவளையின் மேல் ஒரு சத்துத் துளி வந்து ஒட்டியது. அப்போதுதான் குவளை சுற்றிப் பார்த்தாள்.

“அம்மா, போதும். சுவர் உடையப் போகிறது. நிறுத்து.”

“எனக்கு நிறுத்தத் தெரியாதே, கண்ணு. கொஞ்சம் பொறு, முழுசாகிவிடுவாய்.”

“அதற்குள் நாம் யாருமே இருக்க மாட்டோம் அம்மா.”

வடிவாளின் கை ஓடிக்கொண்டே இருந்தது.

குவளை அந்தத் துளியை இறுக்கி அணைத்தாள். எழுத்தோடு இணை எழுத்தைப் பூட்டி, கொண்டை ஊசி போலத் தன்னைத்தானே வளைத்துக்கொண்டாள். அந்த முறுக்கில் வடிவாளின் பிடி ஆட்டம் கண்டது. மடிப்பை அடுத்திருந்த எழுத்துகளுக்கும் பிடிமானம் குறைவு. அவை சுவடியை விட்டு வழுக்கத் தொடங்கின.

“வேண்டாம்டி! பாதியில் விழுந்தால் நொதிகள் உன்னை அறுத்துப் போட்டுவிடும்!”

“தெரியும் அம்மா. கையை விடு.”

பிடி விட்டுப் போயிற்று. நொதிகள் சூழ்ந்தன. வடிவாள் பார்த்துக்கொண்டே நிற்க, குவளை எழுத்து எழுத்தாக உதிர்ந்தாள்.

நூற்பு நின்றதால் மிஞ்சிய தெம்பில் சுவர் தேறியது. பாக்டீரியா பிழைத்தது.

சத்து வற்றிய ஒரு நாள் வடிவாள் அதே பக்கத்தை மறுபடி நூற்றாள். இந்தத் தடவை மகள் முழுதாக வளர்ந்தாள். அதே எழுத்துகள், அதே முகம்.

“குவளை...”

“அது யார் அம்மா?” என்று கேட்டாள் மகள்.

அன்று தொட்டுத்தான் பாக்டீரியாக்களுக்குள், அந்தச் சத்து நிறைந்திருக்கும் வேளையில், அதைச் சமைக்கச் சொல்லும் ஆர்.என்.ஏ இழை பாதி வளர்த்தியிலேயே மடிந்துகொள்கிறது. சுவடியின் படியெடுப்பும் அந்த இடத்திலேயே நின்றுபோகிறது.