மச்சான்மார் போட்ட கூரை

கொம்புக்குறிச்சிப் பாளையத்தை ஆண்ட முத்துக்கண்டப்ப ராஜாவுக்கு எதிரிகள் கிடையாது. மச்சான்கள்தான் இருந்தார்கள். மூத்த ராணியின் தம்பி கட்டாரிமுத்து. இளைய ராணியின் தம்பி மலைக்கொழுந்து. ஒருவன் தும்மினால் மற்றவன் அதைப் போர் முரசு என்று எடுத்துக்கொள்வான்.

நவராத்திரி தர்பாருக்குப் புது மாளிகை கட்ட ராஜா ஆசைப்பட்டார். கிழக்குக் கூடம் கட்டாரிமுத்து பொறுப்பு, தெற்குக் கூடம் மலைக்கொழுந்து பொறுப்பு. இரண்டும் சேரும் மூலையில் சிம்மாசனம். எந்தக் கூடத்தில் உட்கார்ந்தாலும் ஒரு ராணி வீட்டில் சோறு கிடைக்காது. யோசித்து யோசித்து ராஜா கண்டுபிடித்த இடம் அது. அதோடு நிற்காமல் ஓலையும் எழுதிக் கொடுத்தார்: "அவரவர் கூடத்துக்குள் அவரவர் வைத்ததே சட்டம். நான்கூடத் தலையிட மாட்டேன்."

சுவர் எழும்பியது. கூரையைத் தாங்கும் கைமரம் ஏறியது. அதன் மேல் பலகை அடித்து, பலகைமேல் ஓடு வேய வேண்டும். வம்பு பலகையில் வந்தது.

இரண்டு கூரைச் சரிவும் வந்து சேருகிற பள்ளத்தைக் கூடல்வாய் என்பார்கள். அங்கே பலகைகளைக் கொஞ்சம் நீட்டி அடித்துவிட்டு, காவி நூலைச் சுண்டிக் கோடு போட்டு, இரண்டு பக்கத்தையும் சாய்வாக அறுத்துச் சேர்ப்பது வழக்கம். பூவலிங்க ஆசாரி நூலைப் போட்டார். ரம்பத்தை எடுத்தார்.

"நிறுத்துய்யா!" என்றான் கட்டாரிமுத்து. "என் பலகை குட்டை, அவன் பலகை நெட்டைன்னு ஊர் பேசணுமா?"

"என் பலகையில ரம்பம் பட்டுச்சு, உன்னையே அறுத்துடுவேன்" என்றான் மலைக்கொழுந்து.

அறுக்காமல் எப்படிச் சேர்ப்பது? அவன் பலகை ஒன்று, நடுவே சந்து. அந்தச் சந்தில் இவன் பலகை ஒன்று, மறுபடியும் சந்து. இரண்டு சீப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகினமாதிரி ஆகிவிட்டது கூடல்வாய். ஆளுக்கொரு முழம் மற்றவன் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

முதல் மழை பெய்தது. அத்தனை தண்ணீரும் பள்ளத்தில் கூடி, சந்து வழியாக நேராகக் கிரீடத்தில் இறங்கியது. கிரீடம் கிண்ணம்போல நிரம்பி, ராஜாவின் மூக்கு வழியாக வழிந்தது.

மச்சான்களைத் திட்ட முடியுமா? ஆசாரியைக் கூப்பிட்டார்.

"தர்பாருக்கு எட்டு நாள் இருக்கு. அன்னைக்கு என் தலையில ஒரு சொட்டு விழுந்தாலும் உன் வலது கட்டைவிரலை எடுத்துடுவேன்."

"மகாராஜா, அறுக்க உத்தரவு குடுத்தீங்கன்னா..."

"நான் குடுக்க மாட்டேன். எனக்கு ராத்திரி சாப்பாடு வேணும்."

ஆசாரி நேராக இடும்பனிடம் ஓடினார். சபையில் மனுக்களை ராஜாவுக்குப் படித்துக் காட்டுகிறவன் இடும்பன். ஊரார் புலம்பலை எல்லாம் படித்துப் படித்து, யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துவைத்திருந்தான்.

"விரல் போனா உளியை எதாலய்யா பிடிப்பேன்?" என்று ஆசாரி அழுதார்.

"அழாதீரும். அந்தக் காவி நூலை எடுத்துட்டு வாரும். மேலே கட்ட வேண்டாம். கீழே, கூடல்வாய்க்கு நேரா, தரையில கோடு போடும்."

கோடு விழுந்ததும் இடும்பன் கட்டாரிமுத்துவைத் தனியாக அழைத்துவந்தான்.

"சின்ன எஜமான், இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யார் கூடம்?"

"என்னுது."

"இங்க யார் சட்டம்?"

"என் சட்டம்! அத்தானே எழுதிக் குடுத்திருக்கார்."

"அப்ப கொஞ்சம் அண்ணாந்து பாருங்க."

பார்த்தான். தலைக்கு மேலே வரிசையாகப் பதினேழு பலகை மூக்குகள். அத்தனையும் மலைக்கொழுந்துவுடையவை.

"திருட்டுப் பயல்! என் கூடத்துக்குள்ள ஒரு முழம் நுழைஞ்சிருக்கான்!"

"நான் ஒண்ணும் சொல்லலை. பெரிய மனுஷங்க விஷயம்."

"வெட்டுய்யா! கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததெல்லாம் வெட்டு!"

"வாயால சொன்னா ஆசாரி பயப்படுறார். ஓலையில ஒரு வரி..."

கட்டாரிமுத்து எழுதி, முத்திரை குத்தி, இன்னொரு முறையும் குத்தினான்.

மத்தியானம் மலைக்கொழுந்து வந்தான். கோட்டின் மறுபக்கம் நின்றான். அண்ணாந்து பார்த்தான். இவன் ஓலைக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. ரம்பத்தைத் தானே கொண்டுவருகிறேன் என்று கிளம்பினான். இடும்பன்தான் பிடித்து உட்காரவைத்து எழுதி வாங்கினான்.

ஆசாரி மறுநாள் விடிந்ததும் கூரையேறினார். ஒரே கோடு, இரண்டு பக்கமும் அறுபட்டது. அறுத்த துண்டுகளின் சாய்வு சந்துகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அடைத்து, ஓடு வேய்ந்து இறங்கினார்.

தர்பார் அன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ராஜா கிரீடத்தைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஆசாரியின் கட்டைவிரலைப் பார்த்தார். ஆசாரி அதை இடுப்பு வேட்டிக்குள் பத்திரமாகச் செருகிவைத்திருந்தார்.

அப்போதுதான் மச்சான்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அத்தான்! என் பலகையை வெட்டிட்டாங்க!" என்று இரண்டு தொண்டைகளும் ஒரே நேரத்தில் கத்தின.

"யார் உத்தரவு?" என்றார் ராஜா.

இடும்பன் இரண்டு ஓலைகளையும் உரக்கப் படித்தான். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. ஒருவர் பலகையை மற்றவர் வெட்டச் சொல்லியிருந்தார். இருவரும் அவரவர் கூடத்துக்குள், ராஜா கொடுத்த அதிகாரத்தில்.

ராஜாவுக்கு முதலில் தொப்பை குலுங்கியது, பிறகு சிம்மாசனம் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றைக்கு அவர் மேல் பட்ட ஈரம் அது ஒன்றுதான்.

"ஆசாரிக்குப் பட்டு, தலைக்கு உருமால், கைக்கு ரெண்டு காப்பு! இடும்பா, உனக்கும் இதேபோல ரெண்டு கூடம் வச்ச மாளிகை கட்டித் தரட்டுமா?"

இடும்பன் பதறிப்போய்க் கும்பிட்டான்.

"வேண்டாம் மகாராஜா. ஓலைக் குடிசையே போதும். எனக்கும் ரெண்டு மச்சான் இருக்காங்க."