ஆயிரம் டிகிரி ஓடு

பானை ஓட்டைக் கையில் எடுத்ததுமே, அது எத்தனை டிகிரியில் சுடப்பட்டது என்று சொல்லிவிடுவார் பேராசிரியர் ஏகநாதன். அன்று அகழாய்வுக் குழியிலிருந்து வந்த மங்கிய சிவப்பு ஓடு ஒன்றை விரலால் சுண்டினார்.

"கணீர்னு இருக்கு பாருங்க. ஆயிரம் டிகிரி! அறிக்கையில எழுதிடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆய்வகத்தில் மின் உலையைப் பார்த்துக்கொள்ளும் பேச்சித்தாய் மட்டும், "சோதிச்சுப் பார்த்துட்டு எழுதலாமே சார்" என்றாள்.

"என் முப்பது வருஷ அனுபவத்தையா சோதிக்கணும்? அப்போ இதைச் சுட்ட ஆளையே கூட்டிட்டு வாம்மா, கேட்போம். முடியலேன்னா நாளையிலிருந்து உலைப் பக்கம் வந்துடாதே!"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளை எங்கே போய்த் தேடுறது? இந்த ஓட்டுகிட்டயே கேட்டுடுறேன் சார்."

ஓரத்தில் சிறு சில்லு ஒன்றை உடைத்து, எழுநூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தாள். ஆறியதும் எடுத்து, பழைய ஓட்டின் பக்கத்தில் வைத்தாள். சில்லு செக்கச்செவேலென்று மாறியிருந்தது.

"ஏற்கெனவே பட்ட சூட்டை ஓடு கண்டுக்காது, அதுக்கு மேல போனாத்தான் நிறம் மாறும்னு நீங்கதானே வகுப்புல சொல்லுவீங்க? ஆயிரத்தைத் தாங்கினது எழுநூறுக்கே ஏன் சார் மாறுது?"

பேராசிரியர் சில்லையும் ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அறையில் ஏசி இருபத்திரண்டு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டுக்கே அவர் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.