வாசலில் நின்ற நிரல்

பாளையங்கோட்டையில் உலகம்மையிடம் கணினி கற்க வந்தவர்களில் ஞானதிரவியம்தான் மூத்தவர். சொல்லப்போனால் குருவைவிடவே இருபது வயது மூத்தவர். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. ஓர் ஒற்றுப் பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. பொறுமை மட்டும் ஒரு டம்ளர் டீ ஆறுகிற அளவுக்குத்தான்.

வகுப்புக்கு வந்ததும் கைபேசியில் எதையோ தட்டி அனுப்புவார். சற்றுப் பொறுத்து அதை அழித்துவிடுவார். தினமும் நடப்பதுதான். உலகம்மை கேட்டதில்லை.

அன்றும் அனுப்பினார், அழித்தார். பிறகு சொன்னார்: “டீச்சர், நான் வகுப்ப விட்டு நின்னுக்கிடுதேன். நேத்து அத்தியாயத்துல செஞ்ச திருத்தம் பூராவும் போச்சு.”

“எப்படிப் போச்சு?”

“ஒரே கோப்பை ரெண்டு எடிட்டர்ல திறந்துட்டேன் போல. இதுல திருத்துனத அது அழிச்சிட்டு.”

அவருடைய திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் எடிட்டர் என்கிற அந்தத் திருத்தும் நிரல் புதிதாக ஒன்று. ஒவ்வொன்றும் அகராதியையும் எழுத்துருவையும் முதலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்ததில் கணினி மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கும்போது எதுக்கு அண்ணாச்சி புதுசு புதுசா?”

ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மூடினாள். “இனிமே இந்தக் கட்டளையக் குடுங்க. கிளையன்ட்னு ஒரு குட்டி நிரல். உங்க கோப்பை ஓடுற எடிட்டர்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கும்.”

திரையில் கட்டளைகளுக்கென்று இருக்கும் கறுப்புச் சாளரத்தில் அதை அடித்தார். ‘காத்திருக்கிறது’ என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

ஞானதிரவியம் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினார். நடப்பதைப் பாதியில் நிறுத்தும் விசை அது. வகுப்பில் அவர் முதலில் கற்றதும் அதுதான், உருப்படியாகக் கற்றதும் அதுதான்.

“தொங்கிட்டு டீச்சர், அசையல.”

“இன்னொரு தடவ அடிங்க.”

அடித்தார். அதே வரி. விரல் மறுபடி கண்ட்ரோலுக்குப் போனது. உலகம்மை விசைப்பலகையை நகர்த்திவிட்டு, கறுப்புச் சாளரத்தை ஓரமாக இழுத்தாள். பின்னால் எடிட்டரில் அவருடைய அத்தியாயம் திறந்து கிடந்தது.

“அட! எப்பத் திறந்துச்சு?”

“நீங்க கேட்டதுமே. அது தொங்கல அண்ணாச்சி. கொண்டுபோய்க் குடுத்துட்டு, வேல முடியட்டும்னு வாசல்ல நிக்குது. நீங்கதான் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுதிய.”

அவர் அத்தியாயத்தைத் திருத்தினார். முடிந்தது என்று எடிட்டரிடம் சொன்னதும் கறுப்புச் சாளரத்தில் அந்த வரி அடங்கி, அடுத்த கட்டளைக்கு இடம் வந்தது. எடிட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஞானதிரவியம் சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என் மக ஜெனிட்டா சென்னையில இந்தக் கம்ப்யூட்டர் வேலதான் பாக்கா. கல்யாண விசயத்துல நான் வாய விட்டுட்டேன். அதுலருந்து பேச்சில்ல. இதக் கத்துக்கிட்டா அவகூடப் பேச ஏதாவது இருக்கும்லா, அதான் வந்தேன்.”

“தினமும் அனுப்புறது அவளுக்கா?”

“ஆமா. ‘நல்லா இருக்கியாம்மா’ன்னு. பதில் வராது. கேவலமா இருக்கும், அழிச்சிருவேன்.”

“அவ போன்ல என்ன தெரியும்?”

“அழிச்சாச்சுல்லா, என்ன தெரியும்?”

உலகம்மை தன் கைபேசியை எடுத்தாள். “எனக்கு ஒண்ணு அனுப்பி அழிங்க.”

அனுப்பினார், அழித்தார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’

ஞானதிரவியம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் திரையில் அந்த வரி எத்தனை தடவை வரிசையாக நின்றிருக்கும் என்று விரல்விட்டு எண்ணினார்.

“தினமும் கதவத் தட்டிட்டு ஓடியிருக்கேனே டீச்சர்.”



அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக ஒரு வரி தட்டினார். ‘நல்லா இருக்கியாம்மா? அப்பா எடிட்டர் கத்துக்கிடுதேன்.’ அனுப்பினார்.

இரண்டு குறிகள் விழுந்தன. அவள் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலமாயின. ஜெனிட்டா எதையோ எழுதுவதாகத் திரை காட்டியது. அவர் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு அது நின்றுபோனது. செய்தி எதுவும் வரவில்லை.

டீ வந்தது, ஆறியது. அவர் கட்டைவிரல் தன் செய்திமேல் போய் நின்றது.

உலகம்மை தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“கண்ட்ரோல் சி அமுக்காதிய, அண்ணாச்சி.”